சாயாத வண்டி

பாக்கியசீலியின் இடது கால் மட்டும் இன்னும் பழைய வண்டியிலேயே போய்க்கொண்டிருந்தது. மற்ற உடம்பு மூன்று சக்கரத்துக்கு ஓரளவு வந்து சேர்ந்துவிட்டது. கைகள் வந்துவிட்டன, இடுப்பு முக்கால்வாசி வந்துவிட்டது, வலது கால் எப்போதுமே சொன்னதைக் கேட்கிற கால். இடது கால்தான் வேகம் குறைந்ததும் யாரையும் கேட்காமல் கால் வைக்கிற பலகையை விட்டு நழுவித் தரையைத் தேடியது. அதையும் குறை சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷமாக ஸ்கூட்டரில் அது பார்த்த வேலை அதுதான். இரண்டு சக்கர வண்டி நிற்கப்போகிறது என்றால் ஒரு கால் இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆளே இறங்க வேண்டியிருக்கும். இந்த வண்டி தானாகவே நிற்கிறது. முட்டுக்கொடுக்க இறங்குகிற காலின்மேல் பின்சக்கரம் ஏறிப் போய்விடுகிறது. இரண்டு வாரத்துக்கு முன்னால், முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏறிவிட்டது. எலும்பு முறியவில்லை, இரண்டு விரல் நாவற்பழ நிறத்துக்குப் போனதோடு சரி. வண்டியைக் கட்டிக் கொடுக்கிற மெக்கானிக் பால்வண்ணன் அதைப் பார்த்துப் பதறவே இல்லை. "முதல் நாளே ஏறிட்டா நல்லதுக்கா. ரெண்டு சக்கரத்துல இருந்து வாற எல்லாருக்கும் ஒரு தடவை ஏறும். ஓட்டவே தெரியாம வாறவங்களுக்கு ஏறாது" என்றான். அவனுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப் போனது. பன்னிரண்டு வயதிலிருந்து மூன்று சக்கரம்தான், முதலில் கையால் சுற்றுவது, பிறகு மோட்டார் வைத்தது. நாற்பது வயதாகிறது. ஊன்ற வேண்டும் என்று ஒரு நாளும் அவனுக்குத் தோன்றியிருக்காது. இவளுக்கு ஐம்பத்தொன்று, ஊன்றக்கூடாது என்பதை இப்போதுதான் படிக்கிறாள். பலகையின் மேலேயே கால் இருக்கட்டும், பலகையின் மேலேயே இருக்கட்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு உப்பு மூட்டை அடுக்குகிற பழைய கிட்டங்கியின் சிமெண்டு வெளியில் அவள் ஆறாவது சுற்று வந்துகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. லாரி இல்லை, ஆள் இல்லை. ஓரத்தில் ஷெட்டு வாசலில் முக்காலி போட்டுப் பால்வண்ணன். அவனுக்குப் பக்கத்தில், முதல் ஆராதனைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல், அவள் வீட்டுக்காரர் ஞானசிகாமணி. ஷெட்டுக்குள்ளே நிழலில், யாரோ மறந்துவிட்டுப் போன மாதிரி, அவளுடைய சாம்பல் நிற ஸ்கூட்டர்.

அதைப் பார்க்கக்கூடாது என்றுதான் ஒவ்வொரு சுற்றிலும் நினைக்கிறாள், ஷெட்டைக் கடக்கும்போது கண் தானாகப் போய்விடுகிறது, கண் போனால் கை போகிறது, வண்டி அந்தப் பக்கம் கோணுகிறது. இன்றைக்குள் அதற்கு என்ன செய்வது என்று பால்வண்ணனுக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, ஸ்கூட்டரை அப்படியே வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் ஒன்றொன்று மாட்டுவது. எண்ணிப் பார்த்தால் நாலு சக்கரம், ஆனால் ஊரே அதை மூணு சக்கரம் என்றுதான் சொல்கிறது. அடியில் நாலு போல்ட், வேண்டாம் என்றால் அரை மணி நேரத்தில் கழற்றிவிடலாம், வண்டி பழைய வண்டிதான். இன்னொன்று, பின்சக்கரத்தை எடுத்துவிட்டு, பின்பாகத்தை அறுத்து, அகலமான அச்சில் இரண்டு பெரிய சக்கரம் வைத்து வெல்டிங் அடிப்பது. இப்போது அவள் ஓட்டிக்கொண்டிருக்கிற பால்வண்ணனின் சொந்தப் பச்சை வண்டி அந்த ரகம். அறுத்தால் அறுத்ததுதான். ஆர்.டி.ஓ. அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று, எல்.எல்.ஆர். பையில் இருக்கிறது, எது என்று சொல்வதுதான் பாக்கி. நாலு போல்ட். இரண்டு வாரமாக அவளுக்கு அந்த நாலு போல்ட்டின் மேலேயே நினைப்பு. பல் தேய்க்கும்போது நாலு போல்ட், ஷேர் ஆட்டோவில் போகும்போது நாலு போல்ட். ஒரு வருஷம் பார்க்கலாம் என்று காது டாக்டர் சொன்னார், எட்டு மாதம் முடிந்துவிட்டது, மிச்சம் நாலு மாதம், அதுவும் நாலு என்பதைக் கவனித்துவிட்டுத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. வேதியியல் படித்தவள், நாலுக்கும் நாலுக்கும் முடிச்சுப் போட்டுக்கொண்டு அலைகிறாள். டாக்டர் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னார். பார்க்கலாம் என்கிற வார்த்தையை டாக்டர்கள் எதற்கெல்லாம் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவள் அம்மாவுக்கும் சொன்னார்கள். ஆனால் அறுக்கச் சொல்லிவிட்டு, ஒன்பதாவது மாதம் ஒரு காலையில் எழுந்திருக்கும்போது எல்லாம் நேராக நின்றால்? அறுத்த வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மாட்டச் சொன்னால் காத்திருக்கிறோம் என்று அர்த்தம், அறுக்கச் சொன்னால் இனிமேல் காத்திருக்கவில்லை என்று அர்த்தம். எது தைரியம், எது பயம்? யோசிக்க யோசிக்க இரண்டும் இடம் மாறிக்கொண்டே இருந்தன. "அக்கா, ஷெட்டைப் பாக்காதீங்க. போற இடத்தைப் பாருங்க" என்று பால்வண்ணன் கையைக் குவித்துச் சொன்னான்.

திருப்பம் வந்தது. இதுதான் கஷ்டம். நேராக யாரும் போய்விடலாம். இரண்டு சக்கரத்தில் திரும்ப வேண்டும் என்று நினைத்தாலே போதும், உடம்பு லேசாகச் சாயும், வண்டியும் கூடவே சாயும், இரண்டும் சேர்ந்து எழுந்திருக்கும், அதற்கென்று தனியாக ஒன்றும் செய்தது கிடையாது. இந்த வண்டி சாயாது. கைப்பிடியை வேண்டுமென்றே திருப்ப வேண்டியிருக்கிறது, கனமான மேசையை இழுத்துத் திருப்புகிற மாதிரி. வண்டி நிமிர்ந்தபடியே திரும்பிவிடும், ஆளை மட்டும் வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்தத் தள்ளல்தான் அவளுக்கு ஆகவில்லை. அது அந்தக் காலையின் தள்ளல். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, குனிந்து மாவுப் பாத்திரத்தை எடுத்தவள் நிமிர்ந்தபோது சமையலறைத் தரை எழுந்து சுவராக நின்றது. பிடிக்கப் போன சுவர் வேறெங்கோ இருந்தது. விழுந்தாள். விழுந்ததுகூடப் பெரிதில்லை. தரையில் கிடக்கிறோம், கன்னத்தில் தரை ஓட்டின் குளிர்ச்சி படுகிறது, இதற்குக் கீழே விழுவதற்கு இடமே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தது, தெரிந்தும் விழுவது நிற்கவில்லை, இரண்டு நாள் விழுந்துகொண்டே இருந்தாள். இடது காதுக்குள் நிதானம் பார்க்கிற நரம்பு ஏதோ வைரஸில் போய்விட்டது, கேட்பதற்குக் குறைவில்லை, ஒரு காது வேலையை இனிக் கண்ணும் காலும் பகிர்ந்துகொள்ளும் என்றார் டாக்டர். பகிர்ந்துகொண்டன. நடக்கிறாள், படியேறுகிறாள், வீட்டு விளக்கு அணைந்தால் மட்டும் சுவரைத் தொட்டுக்கொள்கிறாள். ஸ்கூட்டரில் ஏறினால்தான், தலையைத் திருப்பிப் பார்த்த உடனே ரோடு கையில் பிடித்த ஜமுக்காளம் மாதிரி ஒரு பக்கம் நழுவுகிறது. இரண்டு சக்கரத்தை மறந்துவிடுங்கள் என்றார், மூன்று சக்கரத்துக்குத் தடையில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். இப்போது திருப்பத்தில் வெளியே தள்ளியதும் அவள் பழையபடி உடம்பைக் கல்லாக்கிக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாள். வண்டி வட்டம் போட வேண்டிய இடத்தில் முட்டை போட்டது. நின்றாள். கால் இறங்கப் பார்த்தது, பாதி வழியில் பிடித்துவிட்டாள். பால்வண்ணன் முக்காலியிலிருந்து சொன்னான்: "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? நீங்க வண்டி ஓட்டலை. விழாம இருக்கீங்க. ரெண்டும் வேற வேலை." அவளுக்குச் சுருக்கென்றது. "விழுந்து பாத்தவளுக்கு அந்த வேலைதான் தம்பி பெரிசு" என்றாள். "அந்த வேலையை வண்டி பாத்துக்கிடும். அதுக்குத்தானே மூணு சக்கரம். நீங்க வேற வேலை இருந்தா பாருங்க."

வேற வேலை. இருந்தது, அதுதான் இத்தனைக்கும் காரணம். நாளை திங்கட்கிழமை உப்புக் கம்பெனி மேனேஜர் சிவசைலத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். உப்பளத்தில் தண்ணீரின் அடர்த்தி எத்தனை டிகிரி என்று மிதவைக் குழாய் போட்டுப் பார்த்துச் சொல்வது அவள் வேலை. கடல் தண்ணீர் பாத்தி பாத்தியாக மாறி, காய்ந்து, கனத்து, இருபத்து நாலு டிகிரியைத் தாண்டும்போது உப்பு இறங்கத் தொடங்கும். சரியான நாளில் அடுத்த பாத்திக்குத் திறந்துவிட வேண்டும், ஒரு நாள் பிந்தினால் கசப்புச் சேரும். காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினால் நாற்பது பாத்தி, பதினாலு கிலோமீட்டர், வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுவாள். அளத்து ஆட்கள் அவளை டிகிரி அக்கா என்பார்கள், படித்த படிப்பைச் சொல்கிறார்களா பார்க்கிற வேலையைச் சொல்கிறார்களா என்று அவள் கேட்டதில்லை. எட்டு மாதமாக அவள் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள், பாத்திகள் பாட்டிலில் அவளிடம் வருகின்றன. தண்ணி வண்டி டிரைவர் கொண்டு வருவார். போன மாதம் ஒரு நாள் ஆறு பாட்டில், ஆறிலும் ஆறு வெவ்வேறு பாத்தியின் நம்பர் ஒட்டியிருந்தது, ஆறும் சொல்லிவைத்த மாதிரி இருபத்து இரண்டு. ஒரே பாத்தியில், கரை ஓரத்திலேயே குனிந்து, ஆறையும் நிரப்பியிருக்கிறார். நடக்க வேண்டாமே. கேட்டதற்கு, "எல்லாம் ஒரே கடல்தானேக்கா" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அன்று முழுக்க ஒரு மாதிரியாகவும் இருந்தது. சிவசைலம் நல்ல மனுஷன், அதுதான் சங்கடம். "இத்தனை வருஷம் வெயில்ல அலைஞ்சது போதும்மா, உள்ளேயே இருந்துருங்க, வெளி ரவுண்டுக்கு வேற ஆளைப் போட்டுடுதேன். சரின்னு ஒரு கடுதாசி குடுங்க, திங்கட்கிழமை பாத்துக்கிடுவோம்" என்றார். ஃபேனுக்குக் கீழே நாற்காலி, பாட்டில்கள், சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. யாராவது கேட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். ஆனால் கடுதாசி கொடுத்துவிட்டால் அந்தப் பதினாலு கிலோமீட்டர் வேறு ஆளுக்குப் போய்விடும், பிறகு திருப்பிக் கேட்க முடியாது, கேட்டால் அந்த ஆளின் வேலையைக் கேட்ட மாதிரி.

"நான் ஏறட்டுமா?" என்று ஞானசிகாமணி வந்து நின்றார். பால்வண்ணன் அனுப்பியிருக்கிறான், பின்னால் கனம் இருந்தால் திருப்பத்தில் வண்டி இன்னும் அடங்கிப் போகும் என்று. மிஷன் பள்ளியில் முப்பது வருஷமாக ஓவிய ஆசிரியர். கரும்பலகையில் கையெடுக்காமல் எட்டுப் போடுவார், ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டுப் போடச் சொன்னபோது இரண்டு தடவையும் பூசணிக்காய் போட்டுவிட்டு, இனி இது எனக்கு வேண்டாம் என்று வந்துவிட்டார். அதிலிருந்து அவள்தான் ஓட்டுவாள், அவர் பின்னால். கல்யாணமான புதிதில் தெருவில் சிரித்தார்கள். ஒருத்தர் அவர் காதுபடவே, "என்ன சார், வீட்டு ஸ்டியரிங்கும் அவுக கையிலதானா" என்று கேட்டார், இவர் "ஆமா, நான் டிக்கெட் எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். எட்டு மாதமாக இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் யார் முழங்காலோ இடிக்கப் போய் வருகிறார்கள். அவர் ஒரு தடவைகூட வண்டியைப் பற்றிப் பேசவில்லை. மாட்ட வேண்டுமா அறுக்க வேண்டுமா என்று அவள் கேட்டபோதும், "நீ ஓட்டப்போறே, நீதான் சொல்லணும்" என்று முடித்துவிட்டார், அது மரியாதையா தப்பித்துக்கொள்வதா என்று அவள் ஒரு வாரம் யோசித்தாள். இப்போது பின்னால் ஏறி, பழக்கத்தில் ஒரு பக்கமாக உட்காரப் போய், இடமிருப்பதைப் பார்த்து நேராக உட்கார்ந்தார். "சோபா மாதிரி இருக்கே" என்றார். "கிட்டங்கி வேண்டாம், ரோட்டுல போயிட்டு வாங்க. உப்பு லாரி ரோடுதான், இன்னைக்கு ஈ காக்கா இருக்காது" என்று பால்வண்ணன் சொன்னான். அவள் மாட்டேன் என்று சொல்வதற்கு வாயைத் திறந்தாள். இந்த இடத்திலேயே இன்னும் நாலு சுற்று, இன்னும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்னும் ஒரு மாதம் என்று ஆயிரம் இருந்தது சொல்வதற்கு. சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம் என்று அவளுக்கே தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டு வாசலுக்கு வண்டியை விட்டாள்.

ரோட்டில் ஏறியதும் சாய்ந்தது. இடது பக்கமாக, தப்பில்லாமல், போகப்போகச் சாய்ந்துகொண்டே இருந்தது. வந்துவிட்டது என்று நினைத்தாள், கடவுளே, ரோட்டில் வந்துவிட்டது, பின்னால் இவர் வேறு. நெஞ்சுக்குள் அந்த ஆடி மாதத்து ஓட்டின் குளிர்ச்சி ஏறியது. "என்னங்க, சாயுதா?" என்று கேட்டாள். எட்டு மாதமாக அவரிடம் அவள் கேட்கிற கேள்வி இது. இந்தக் காலண்டர் சாய்ந்திருக்கிறதா, நான் சாய்ந்து நிற்கிறேனா, கோவில் கோபுரம் நேராகத்தானே இருக்கிறது என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. அவரும் சலித்துக்கொள்ளாமல், ஓவிய வாத்தியார் கண்ணை இடுக்கிப் பார்த்து, நேராத்தான் இருக்கு சீலி, நேராத்தான் இருக்கு என்று சொல்லி வந்திருக்கிறார். எட்டு மாதமாக உலகம் நேராகவே இருந்தது, கோணல் இவளிடம் மட்டும்தான். இப்போது அவர் குனிந்து ரோட்டைப் பார்க்கிறார் என்று முதுகுக்குத் தெரிந்தது. "சாயத்தான் செய்யுது" என்றார். "ரோடு சாஞ்சிருக்கு சீலி. மழைத் தண்ணி வடியதுக்கு நடுவுல மேடா, ஓரத்துல சரிவாப் போட்டிருக்கான். ஒரு கை அளவு இருக்கும். சைக்கிள்ல, ஸ்கூட்டர்ல தெரியாது. இது மூணு காலும் தரையில ஊனிப் போகுதுல்லா, அதான் தரை எப்படியோ அப்படிக் காட்டுது." அவள் வேகத்தைக் குறைத்து மறுபடி கேட்டாள்: "நெசமாவே ரோடா?" "நெசமாவே ரோடுதான். நடுவுக்கு வா, பாரு." நடுவுக்கு வந்தாள். நிமிர்ந்தது. இடது ஓரம் போனாள், சாய்ந்தது. வலது ஓரம் போனாள், வலது பக்கம் சாய்ந்தது. எதிரே யாரும் வராத ரோட்டில் கிறுக்குப் பிடித்த மாதிரி அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்குமாக நாலைந்து தடவை போய் வந்தாள், ஒவ்வொரு தடவையும் அவள் நினைத்த பக்கமே சாய்ந்தது. இருபத்தாறு வருஷம் இந்த ரோட்டில் போயிருக்கிறாள். இது கோணல் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. எட்டு மாதத்தில் முதல் தடவையாகத் தன்னுடையதல்லாத ஒரு கோணல். அதற்காக அழுகை வரும் என்று யார் நினைப்பார்கள்? நல்லவேளை காற்று எதிர்க்காற்று, கண்ணில் தண்ணீர் வந்தால் காற்றின்மேல் போடலாம். "எதுக்கு இப்படிக் கோலம் போடுதே" என்று பின்னாலிருந்து கேட்டார். "சும்மா பாக்கேன்" என்றாள்.

ரயில்வே கேட் திறந்தே கிடந்தது. தண்டவாளத்தில் முன்சக்கரம் ஏறி இறங்கியது, பிறகு பின்சக்கரங்கள், ஒன்றுக்கு இரண்டு குலுக்கல். பள்ளம் வந்தால் விலக வேண்டிய விதமே வேறு. ஸ்கூட்டருக்கு ஒரு கோடு போதும், பள்ளத்தின் விளிம்பில் விரற்கடை இடம் இருந்தாலும் போய்விடும். இதற்கு மூன்று கோடு வேண்டும், முன்சக்கரம் தப்பித்தால் பின்னால் ஒன்று விழும், விழுந்தாலும் மற்ற இரண்டும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். போன ஞாயிற்றுக்கிழமை, பக்கச் சக்கரம் மாட்டிய ரகத்தில் கிட்டங்கி வெளியில் சுற்றியபோது, சிமெண்டு பெயர்ந்த இதே மாதிரி ஒரு பள்ளத்தில்தான் மாட்டினாள். பக்கச் சக்கரம் இரண்டும் இரண்டு மேட்டில் உட்கார்ந்துகொண்டன, எஞ்சின் ஓட்டுகிற நடுச் சக்கரம் பள்ளத்துக்கு மேலே தரை தொடாமல் தொங்கியது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க அது காற்றில் சுற்றியது. சத்தம் மட்டும் பறக்கிற சத்தம், வண்டி ஒரு அங்குலம் நகரவில்லை. பால்வண்ணன் பின்னால் வந்து பார்த்துவிட்டு, "ஊருக்குள்ள ஓட்ட இது போதும்க்கா, அளத்துப் பாதைக்கு யோசிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னான். அதை அப்போது அவள் காதில் வாங்கவில்லை. வண்டியின் குறை என்றால் சரி, குறையோடு வைத்துக்கொள்ளலாம், நாலு போல்ட் இருக்கிறதே என்றுதான் ஓடியது புத்தி. அந்த மாதிரிப் பள்ளம் இப்போது வந்தது. பச்சை வண்டியின் இடது பின்சக்கரம் இறங்கியது, ஞானசிகாமணி "அம்மாடி" என்றார், ஏறியது, போய்விட்டது. அளத்துக்குப் பிரிகிற விலக்கில் திரும்ப வேண்டும். மேசையைத் திருப்பு, உடம்பை உள்பக்கம் கொண்டுவா, தள்ளும், தள்ளட்டும், காது விழுகிறோம் என்று சொல்லும், சொல்லட்டும், காது சொல்வதை இந்த வண்டி கேட்பதில்லை. திரும்பினாள். இரண்டு பக்கமும் பாத்திகள் விரிந்தன. பங்குனி வெயில் ஏழரைக்கே தண்ணீரில் இறங்கிவிட்டது. முதல் வரிசை வெறும் கடல் நிறம், அதில் ஒன்றும் இல்லை. அடுத்த வரிசை கொஞ்சம் தடித்திருக்கிறது, காற்றுக்கு அலை குட்டையாக எழுகிறது, பதினெட்டு இருக்கும். பதினொன்றாம் நம்பரில் யாரோ மடையைச் சரியாக அடைக்கவில்லை, ஓரத்தில் இளந்தண்ணீர் நாக்கு மாதிரி நீண்டு உள்ளே வருகிறது, கனத்த தண்ணீரோடு சேராமல் தனியாக மினுங்குகிறது, இதைப் பாட்டிலில் எப்படிக் கொண்டுவருவார்கள்? பதினாலு சிவப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. பதினைந்து நல்ல ரோஜா நிறம், மேலே பாலாடை மாதிரி மெல்லிசாக ஏடு கட்டியிருக்கிறது, ஏடு கட்டினால் இருபத்து நாலரைக்குக் குறையாது, நேற்றே அடுத்ததற்குத் திறந்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வந்த பாட்டிலில் பதினைந்து என்று ஒட்டியிருந்தது இருபத்து ஒன்று காட்டியதே, அப்படியானால் அதுவும் கரையோரத் தண்ணீர்தான், நாளைக்கு முதல் வேலையாக மடைக்காரரைக் கூப்பிட்டு, இல்லை, நாளை வரைக்கும் விட்டால் கசந்துவிடும், இப்போதே யாராவது இருந்தால்…

"சீலி, ரோடு முடிஞ்சு போச்சு" என்றார் ஞானசிகாமணி. முடிந்திருந்தது. அளத்தின் கடைசி வரப்பு, அதற்கு அந்தப் பக்கம் ஓடை. வண்டி நின்றுகொண்டிருந்தது. எப்போது நிறுத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. விலக்கிலிருந்து இங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். அந்த ஒன்றரைக் கிலோமீட்டரும் அவள் வண்டியில் இல்லை, பாத்தியில் இருந்தாள். "எங்க இருக்கே நீ?" என்று கேட்டார். "பதினஞ்சாம் நம்பர் பழுத்துப் போச்சு. நேத்தே திறந்திருக்கணும்" என்றாள். அவர் பின்னால் திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். பிறகு, "ரயில்வே கேட்டுக்கு அப்புறம் நீ கேக்கவே இல்லை" என்றார். "என்ன கேக்கலை?" "சாயுதான்னு." அவள் யோசித்துப் பார்த்தாள். கேட்கவில்லைதான். கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. வரப்புப் பாதை அந்தப் பக்கம் ஒன்றும் இந்தப் பக்கம் ஒன்றுமாகச் சரிந்துதான் கிடந்தது, வரும் வழியெல்லாம் சாய்ந்து சாய்ந்துதான் வந்திருக்க வேண்டும். தொலைவில் காவல் கொட்டகையிலிருந்து ஒருவர் நெற்றிக்குமேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு, டிகிரி அக்காவா?" என்று கூவினார். "ஆமா. பதினஞ்சைத் திறந்து விடச் சொல்லுங்கண்ணே, இன்னைக்கே. பதினொண்ணு மடையையும் பாக்கச் சொல்லுங்க" என்று இவளும் கூவினாள். அவர் கையை ஆட்டினார். திருப்ப இடம் குறுகலாக இருந்தது, முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுத்துத்தான் திருப்ப முடிந்தது, ஸ்கூட்டராக இருந்தால் ஒரு காலை ஊன்றிச் சட்டென்று சுழற்றியிருப்பாள். அந்தக் குறை இருக்கத்தான் செய்யும். நாற்பதில் ஐந்தாறு பாத்திக்கு வரப்பு இதைவிடக் குறுகல், அங்கெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். நடந்து போகலாம். நடக்கிற காலுக்கு என்ன குறை? திரும்பி வரும்போது பாத்திகள் மறுபக்கமாக வந்தன, ஒவ்வொன்றையும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டே வந்தாள். வேகம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. ஒரு தடவை மட்டும் அவர், "கொஞ்சம் மெதுவா போயேன்" என்றார்.

ஷெட்டில் பால்வண்ணன் கேள்வி எதுவும் கேட்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு டீ சொல்லட்டுமா என்றுதான் கேட்டான். சாம்பல் நிற ஸ்கூட்டரின் பக்கத்தில் போய் நின்று சீட்டின்மேல் கையை வைத்தாள். சீட்டு விளிம்பு கிழிந்து அவளே தைத்தது. "அறுத்துருங்க தம்பி" என்றாள். சொன்ன பிறகும் ஒன்பதாவது மாதக் காலை ஒன்று எங்கேயோ நின்றபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. வரட்டும், வந்தால் வேறு ஸ்கூட்டர் ஊரில் கிடைக்காமலா போகும் என்று தோன்றியது, இவ்வளவு சின்ன விஷயம் இரண்டு வாரமாக ஏன் தோன்றவில்லை என்றும் தோன்றியது. பால்வண்ணன் டப்பாவிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து நீட்டினான். "கோடு நீங்க போடணும்." "எந்தக் கோடு?" "அறுக்குற கோடு. வண்டிக்காரங்கதான் போடணும், நான் போடுறதில்லை. முன்னால ஒருத்தர், வாயால சொல்லிட்டுப் போயிட்டு, சாயங்காலம் வந்து என் வண்டியை என்ன செஞ்சேன்னு இந்த இடத்துல உக்காந்து அழுதாரு. அதுல இருந்து அவங்கவங்க கையாலேயே போடச் சொல்லிடுதேன்." பின்பக்க மூடியைக் கழற்றி, இரும்புக் குழாயில் இந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினான். சாக்பீஸைக் கண்டதும் ஞானசிகாமணியின் கை தானாக நீண்டது. அவள் கொடுக்கவில்லை. முழங்காலிட்டு, இடது கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு, குழாயைச் சுற்றி ஒரு கோடு இழுத்தாள். மறுபக்கமும் ஒன்று. ஞானசிகாமணி கண்ணை இடுக்கினார். "கோணலா இருக்கு" என்றார். "சார், மெஷின் நேரா அறுக்கும். சம்மதத்துக்கு இது போதும்" என்றான் பால்வண்ணன். புதன்கிழமை வண்டி ரெடி, வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ.வில் ஓட்டிக் காட்டணும், எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த திங்கட்கிழமை வேலைக்கே எடுத்துக்கொண்டு போகலாம் என்று விரல் மடக்கிச் சொன்னான். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அறுக்கிற மெஷினின் பிளக்கைச் செருகினான். அவள் பையிலிருந்து போனை எடுத்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில அவரை எதுக்கு எழுப்புதே, நாளைக்குச் சொல்லலாம்லா" என்றார் ஞானசிகாமணி. "நாளைக்குன்னு விட்டா அதுக்குள்ள அந்தக் கடுதாசியை எழுதிக் குடுத்துருவேன்" என்றாள் அவள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, மறுமுனையில் எடுத்த அதே நேரத்தில் இங்கே மெஷின் குழாயில் இறங்கித் தீப்பொறி பறந்தது. ஹலோ, யாரு, அங்கே என்ன சத்தம் என்றார் சிவசைலம். "பாக்கியசீலி சார். அடுத்த திங்கட்கிழமையில இருந்து ரவுண்டுக்கு நானே போறேன், வேற ஆளைப் போட வேண்டாம்" என்றாள். ஒன்றும் கேட்கவில்லை என்றார். பால்வண்ணனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் என்று கையைத் தூக்கினாள். பிறகு வேண்டாம் என்று இறக்கிக்கொண்டு, ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நாலெட்டு தள்ளிப் போய் நின்று, முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னாள்.